கிராம சபைக்குத் தன்னார்வலராகப் போகிறவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

ஒவ்வொரு ஆகஸ்ட் மாதமும் முதல் வாரத்தில் எனக்குப் போன் வர ஆரம்பித்துவிடும். "அண்ணா, இந்தத் தடவை எங்க ஊர் கிராம சபையில ஏதாவது செய்யணும். எங்க ஆரம்பிக்கிறது?" கேட்பவர்களில் பாதிப்பேர் சென்னையிலோ பெங்களூரிலோ வேலை பார்ப்பவர்கள். மீதி, ரிட்டயர்டு ஆனவர்களும் கல்லூரி மாணவர்களும். பதில்களைத் திரும்பத் திரும்பச் சொல்லி எனக்கே மனப்பாடம் ஆகிவிட்டது. அதனால் எழுதி வைக்கிறேன்.

கிராம சபை என்றால் ஊர்க்கூட்டம்தானே?

இல்லை. ஊர்க்கூட்டத்தில் நாட்டாமை பேசுவார், வரி கொடுத்த குடும்பங்கள் கேட்கும். பெண்களுக்குப் பெரும்பாலும் இடம் இருக்காது. கிராம சபை சட்டப்படி அமைந்த ஒன்று. ஊராட்சியின் வாக்காளர் பட்டியலில் பெயர் இருக்கும் ஒவ்வொருவரும் அதன் உறுப்பினர். நீங்கள் கூட்டத்துக்கு வந்ததே இல்லை என்றாலும் உறுப்பினர்தான்.

அரசியலமைப்பின் 73ஆவது திருத்தம் 1993 ஏப்ரல் 24 அன்று நடைமுறைக்கு வந்தது. அதை ஒட்டி வந்த தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் 1994-இன் 3ஆவது பிரிவுதான் நம் ஊர் கிராம சபைக்கு உயிர் கொடுக்கிறது. ஊரின் வளர்ச்சித் திட்டம், வரவு செலவுத் திட்டம், தணிக்கை அறிக்கை மூன்றும் கிராம சபையின் ஒப்புதலுக்கு வர வேண்டும். தலைவர் ஐந்து வருடத்தில் மாறுவார், வார்டு உறுப்பினர் மாறுவார், கிராம சபை மட்டும் அப்படியே இருக்கும்.

எந்த நாட்களில் நடக்கும்?

ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. முன்பு நான்கு நாள்தான். உலகத் தண்ணீர் தினமான மார்ச் 22-உம் உள்ளாட்சிகள் தினமான நவம்பர் 1-உம் 2022-இல் சேர்ந்தன. ஏழு நாள் முன்னதாக அறிவிப்பு கொடுக்க வேண்டும். தண்டோராவோ, ஆட்டோவில் மைக்கோ, நோட்டீஸோ, ஏதாவது ஒரு வழியில் ஊருக்குத் தெரிய வேண்டும். பல ஊர்களில் முதல் நாள் சாயந்திரம்தான் தகவல் வரும். அது தவறு என்று மனு எழுதுவதே தன்னார்வலரின் முதல் வேலையாகிவிடுவதும் உண்டு.

நான் வெளியூர்க்காரன். கூட்டத்தில் பேசலாமா?

பேசாதீர்கள். உங்கள் பெயர் அந்த ஊராட்சியின் வாக்காளர் பட்டியலில் இல்லையென்றால் நீங்கள் உறுப்பினர் இல்லை. ஓரமாக உட்கார்ந்து பார்க்கலாம், குறிப்பு எடுக்கலாம்.

இதை நான் பட்டுத்தான் கற்றேன். நான் போன முதல் கூட்டத்தில், ஒரு அம்மா தயங்குகிறாரே என்று மைக்கை வாங்கி அவருடைய தண்ணீர்ப் பிரச்சினையை நானே பேசினேன். நன்றாகவே பேசினேன் என்றுதான் நினைத்தேன். மேடையில் இருந்து ஒரே கேள்வி வந்தது: "தம்பி எந்த ஊரு? யார் அனுப்புனா?" அதன்பிறகு முக்கால் மணி நேரம் நான் எந்தக் கட்சி, எந்தச் சாதி, யார் தூண்டிவிட்டது என்பதுதான் விவாதம். தண்ணீர் பற்றி யாரும் பேசவில்லை. கூட்டம் முடிந்து வரும்போது அந்த அம்மா, "நானே கேட்டிருந்தா திட்டிட்டாவது பதில் சொல்லியிருப்பாங்க தம்பி" என்றார்.

பிறகு தன்னார்வலருக்கு அங்கே என்ன வேலை?

கூட்டத்தன்று வேலை குறைவு. முன்னும் பின்னும்தான் அதிகம்.

பத்து நாள் முன்பே தெருத்தெருவாகப் போக வேண்டும். என்ன பிரச்சினை என்று கேட்டால் எல்லோரும் "ஒன்னுமே செய்யல" என்பார்கள். கூடவே நடந்து போய்ப் பாருங்கள். எந்தக் கம்பத்தில் விளக்கு எரியவில்லை, எந்தக் குழாயில் எத்தனை மணிக்குத் தண்ணீர் வருகிறது, மேல்நிலைத் தொட்டியைக் கடைசியாகக் கழுவிய தேதி என்று தொட்டியிலேயே எழுதியிருக்கிறதா, எல்லாவற்றையும் நோட்டில் குறியுங்கள். தொட்டி இயக்குபவரிடம் பத்து நிமிடம் பேசினால் ஊரின் பாதிக் கதை வந்துவிடும். தலைவருக்குத் தெரியாததுகூட அவருக்குத் தெரியும்.

இதற்கு நடுவில் மத்திய அரசின் இ-கிராம் ஸ்வராஜ் இணையதளத்துக்குப் போய், உங்கள் ஊராட்சியின் இந்த வருட வளர்ச்சித் திட்டத்தை இறக்கிக்கொள்ளுங்கள். 2020-இல் வந்த தளம். ஊர் பெயரைப் போட்டால் என்னென்ன வேலை எடுத்திருக்கிறார்கள், எவ்வளவு ஒதுக்கீடு, எவ்வளவு செலவு என்று காட்டும். பெரும்பாலும் ஆங்கிலத்தில் இருக்கும், சுருக்கெழுத்துகள் குழப்பும். அதைத் தமிழில் ஒரு பக்கத்துக்கு எழுதி, நான்கைந்து பேருக்கு வாய்விட்டுப் படித்துக் காட்டுங்கள். டீக்கடையில் படித்தால் இன்னும் நல்லது. "சமுதாயக் கழிப்பிடம் பழுதுபார்ப்பு" என்ற வரியைப் படித்ததும் யாராவது ஒருவர் சிரிப்பார். அவர்தான் கூட்டத்தில் கேள்வி கேட்கப் போகிறவர்.

கூட்டத்தன்று தலையை எண்ணுங்கள். இது முக்கியம். மக்கள்தொகை 500 வரை உள்ள ஊராட்சிக்கு 50 பேர், 501 முதல் 3,000 வரை 100 பேர், 3,001 முதல் 10,000 வரை 200 பேர், அதற்கு மேல் 300 பேர் வந்திருந்தால்தான் கூட்டம் செல்லும். சில ஊர்களில் வந்திருப்பது முப்பது பேர், நோட்டில் இருப்பது நூற்றைம்பது கையெழுத்து. வருகை நோட்டை நூறு நாள் வேலை நடக்கும் இடத்துக்குக் கொண்டுபோய் வரிசையில் நிற்க வைத்து வாங்கியதை நானே பார்த்திருக்கிறேன்.

தீர்மானம் எழுதுவதில் அப்படி என்ன இருக்கிறது?

எல்லாமே அதில்தான் இருக்கிறது. இரண்டு மணி நேரம் ஊரே கத்தியிருக்கும். தீர்மானப் புத்தகத்தில் "குடிநீர் குறித்து விவாதிக்கப்பட்டது" என்று ஒரு வரி இருக்கும். அந்த ஒரு வரியை வைத்துக்கொண்டு எந்த அதிகாரியிடமும் போய் நிற்க முடியாது.

ஒரு உதாரணம். மக்கள் சொன்னது: "வடக்குத் தெருவுல சாக்கடை தேங்கி நாறுது." ஊராட்சிச் செயலர் எழுதியது: "கழிவுநீர் வாய்க்கால் வசதி செய்து தரப் பரிசீலிக்கப்பட்டது." அங்கிருந்த கல்லூரிப் பெண் ஒருத்தி எழுந்து, இப்படி எழுதுங்கள் என்று தான் தயாரித்து வந்ததைப் படித்தாள்: "வடக்குத் தெருவில் ரேஷன் கடை முதல் பெரிய கிணறு வரை சுமார் 120 மீட்டர் நீளத்துக்குக் கழிவுநீர் வாய்க்கால் கட்ட, நடப்பாண்டு வளர்ச்சித் திட்டத்தில் சேர்த்து, மதிப்பீடு தயாரிக்க வட்டார வளர்ச்சி அலுவலருக்கு அனுப்புவது எனத் தீர்மானிக்கப்பட்டது."

எங்கிருந்து எங்கே, எவ்வளவு, எந்த வருடத்தில், யாருக்கு அனுப்புவது என்ற நான்கும் அதில் வந்துவிட்டன. "பரிசீலிக்கப்பட்டது" என்பது "தீர்மானிக்கப்பட்டது" ஆகிவிட்டது. அந்த 120 மீட்டரை முதல் நாள் டேப் வைத்து அளந்தது நாங்கள் மூன்று பேர். எங்கள் பங்கு அவ்வளவுதான்.

கையெழுத்துப் போடுமுன் தீர்மானங்களை ஒருமுறை உரக்கப் படிக்கச் சொல்லுங்கள். தீர்மானங்கள் எழுதி முடித்த பிறகு வெற்றுப் பக்கங்கள் இருந்தால் குறுக்கே கோடு போடச் சொல்லுங்கள். அன்றைக்கே நகல் கேட்டு ஒரு மனு கொடுத்து, மனுவின் பிரதியில் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள்.

கணக்குக் கேட்டால் சண்டை வருமே?

வரும். ஆனால் கணக்கைக் கேட்காமலேயே காட்ட வேண்டும் என்பதுதான் அரசின் உத்தரவு. வரவு செலவை, படிவம் 30 என்பார்கள், கூட்டத்தில் படிக்க வேண்டும். அதன் சுருக்கத்தை பிளக்ஸில் அடித்துக் கூட்டத்தில் வைக்க வேண்டும். எழுத்து பொடிப்பொடியாக இருக்கும், பத்தடி தள்ளி நின்றால் தெரியாது. கிட்டப் போய்ப் படியுங்கள்.

ஒரு கூட்டத்தில் கண்ணாடி போட்ட ஒரு ஆத்தா அந்த பிளக்ஸ் முன்னால் வெகுநேரம் நின்றார். பேத்தியிடம் விரலால் காட்டி ஒரு வரியைப் படிக்கச் சொன்னார். பிறகு திரும்பிக் கேட்டார்: "தெருவிளக்குப் பராமரிப்புன்னு போட்டிருக்கே, எங்க தெருவுல லைட்டே கிடையாது. எதைப் பராமரிச்சீங்க?" சண்டை வரவில்லை. கூட்டமே சிரித்தது, தலைவரும் சிரித்துவிட்டார். அடுத்த மாதம் அந்தத் தெருவுக்கு நான்கு விளக்கு வந்தது. நான் அதே கேள்வியைக் கேட்டிருந்தால் நிச்சயம் சண்டைதான்.

ஒன்று தெரிந்துகொள்ளுங்கள். ஊராட்சியின் பணம் முழுக்கத் தலைவர் இஷ்டத்துக்குச் செலவழிக்கும் பணம் இல்லை. 15ஆவது நிதிக்குழுவின் மானியத்தை எடுத்துக்கொண்டால், 2021-22 முதல் 2025-26 வரை அதில் 60 விழுக்காடு குடிநீருக்கும் சுகாதாரத்துக்கும் என்று கட்டப்பட்ட நிதி, அதாவது வேறு எதற்கும் செலவழிக்க முடியாத நிதி. அதில் போய் சமுதாயக் கூடம் கேட்டால் தலைவரால் தர முடியாது. இது தெரியாமல் திட்டுகிறவர்களைப் பார்த்து, தலைவர்கள் தன்னார்வலர்களையே வெறுக்கிறார்கள். நியாயமான கோபம்தான்.

தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போடலாமா?

போடலாம். ஆனால் எடுத்தவுடன் வேண்டாம். கிராம சபையில் கேட்டு, பதில் வராமல், பிறகு போடுங்கள்.

இந்தச் சட்டத்தின் வேர் ராஜஸ்தானில் இருக்கிறது. மஸ்தூர் கிசான் சக்தி சங்கதன் என்ற அமைப்பு 1994 டிசம்பரில் பாலி மாவட்டம் கோட் கிரானாவில் முதல் மக்கள் விசாரணையை நடத்தியது. பஞ்சாயத்து வேலைகளின் பில்லையும் வருகைப் பதிவேட்டையும் ஊர் நடுவில் உரக்கப் படித்தார்கள். அவ்வளவுதான் செய்தார்கள். செய்யாத வேலைக்குக் கூலி எழுதப்பட்டவர்கள் அங்கேயே எழுந்து "நான் போகவே இல்லையே" என்றார்கள். அந்தப் போராட்டம் வளர்ந்துதான் 2005-இல் நாடு முழுமைக்குமான சட்டம் வந்தது. தமிழ்நாட்டில் 1997-லேயே ஒரு தகவல் உரிமைச் சட்டம் இருந்தது, நாட்டிலேயே முதல் மாநிலமாக நாம்தான் கொண்டுவந்தோம். அதில் விதிவிலக்குகள் எக்கச்சக்கம் என்பதால் யாருக்கும் பெரிதாகப் பயன்படவில்லை.

மனுவில் "ஏன்" என்று கேட்காதீர்கள். காரணம் சொல்ல வேண்டிய கடமை அவர்களுக்கு இல்லை, இருக்கிற ஆவணத்தைத்தான் தர வேண்டும். "ஏன் ரோடு மோசமாக இருக்கிறது?" என்று கேட்டால் மனு திரும்பி வரும். "இந்தத் தெருவின் சிமென்ட் சாலைக்கான மதிப்பீடு, பணி ஆணை, எம்-புக், பில் ஆகியவற்றின் நகல் வேண்டும்" என்று கேளுங்கள். எம்-புக் என்பது செய்த வேலையை அளந்து எழுதும் புத்தகம். அதில் நாலு அங்குலக் கனம் என்று இருந்து, ரோட்டின் ஓரத்தில் ஸ்கேல் வைத்தால் இரண்டரை அங்குலம் வந்தால், அதற்குமேல் நீங்கள் ஒன்றும் பேச வேண்டியதில்லை. மனுவில் பத்து ரூபாய் நீதிமன்ற வில்லை (கோர்ட் ஃபீ ஸ்டாம்ப்) ஒட்டுங்கள், பதில் தர அவர்களுக்கு 30 நாள் கெடு. தவறான அலுவலகத்துக்கு அனுப்பிவிட்டாலும் ஐந்து நாளுக்குள் அவர்களே உரிய இடத்துக்கு மாற்றிவிட வேண்டும்.

தனி ஆளாகப் போடாதீர்கள். இந்த நாட்டில் தகவல் கேட்டதற்காக உயிரை விட்டவர்கள் இருக்கிறார்கள். அகமதாபாத்தில் அமித் ஜேத்வா 2010 ஜூலையில் உயர் நீதிமன்றத்துக்கு எதிரிலேயே சுடப்பட்டார். ஒரே கேள்வியை ஏழெட்டுப் பேர் பெயரில் அனுப்புங்கள். அல்லது ஆவணத்தைக் கூட்டத்தில் வைக்க வேண்டும் என்று கிராம சபையிலேயே தீர்மானம் போடுங்கள்.

எங்கள் ஊரில் தலைவர் ஒரு பெண். ஆனால் அவர் வீட்டுக்காரர்தான் எல்லாம். என்ன செய்வது?

தமிழ்நாட்டில் உள்ளாட்சிப் பதவிகளில் பாதி பெண்களுக்கு. இந்த நிலைமையும் அதோடு சேர்ந்தே வந்தது. கணவரைப் போய்க் கண்டிப்பதால் பயனில்லை, அது அந்தப் பெண்ணின் தலையில்தான் விடியும். கூட்டத்துக்கு முந்தின நாள் பெண் தன்னார்வலர் இருவர் அவர் வீட்டுக்குப் போய், கூட்டப் பொருளை அவரோடு உட்கார்ந்து படித்தால் போதும். எந்தப் பொருளுக்கு என்ன பதில் என்று அவர் கையிலேயே ஒரு தாள் இருந்தால் மேடையில் திரும்பிப் பார்க்க மாட்டார். ஒரு தலைவி மூன்றாவது கூட்டத்தில், பதில் சொல்ல எழுந்த கணவரைப் பார்த்து "நீங்க உக்காருங்க, நான் சொல்றேன்" என்றார். நாங்கள் யாரும் கைதட்டவில்லை. தட்டியிருந்தால் கெட்டுப்போயிருக்கும்.

சாதிப் பிரச்சினை இருக்கிற ஊரில்?

இல்லாத ஊர் எது?

மதுரை மாவட்டத்தில் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம், விருதுநகர் மாவட்டத்தில் கொட்டக்கச்சியேந்தல். தலைவர் பதவி பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கப்பட்டதால் 1996 முதல் பத்து ஆண்டுகள் இந்த நான்கு ஊராட்சிகளிலும் முறையான தேர்தல் நடக்க முடியவில்லை. மனுத் தாக்கலே இருக்காது, அல்லது ஜெயித்தவர் உடனே ராஜினாமா செய்வார். 2006 அக்டோபரில்தான் தேர்தல் ஒழுங்காக நடந்தது. பதினைந்து வருடம் கழித்து, 2021 அக்டோபர் 2 அன்று முதலமைச்சர் ஸ்டாலின் கிராம சபைக்குப் போனது இதே பாப்பாபட்டிக்குத்தான். ஆனால் அதற்கு ஏறக்குறைய ஒரு வருடம் முன்பு, கடலூர் மாவட்டம் தெற்குத்திட்டையில் பட்டியல் சாதிப் பெண் தலைவர் ஒருவரைக் கூட்டத்தில் தரையில் உட்கார வைத்த படம் வெளிவந்தது.

தன்னார்வலர் இதை ஒரு நாளில் மாற்றிவிட முடியாது. ஆனால் கூட்டம் எங்கே நடக்கிறது என்று கேட்க முடியும். மதச்சார்புள்ள வளாகத்தில் கிராம சபை நடத்தக் கூடாது, குக்கிராமங்களுக்கிடையே இடம் சுழற்சியாக மாற வேண்டும் என்பது உத்தரவு. கூட்டம் எப்போதும் கோவில் திடலிலேயே நடந்தால் காலனியிலிருந்து யாரும் வர மாட்டார்கள், வந்தாலும் வேலிக்கு வெளியே நிற்பார்கள். "அடுத்தது காலனி அங்கன்வாடி முன்னால்" என்று ஒரு மனு, வட்டார வளர்ச்சி அலுவலருக்கு (பி.டி.ஓ.) ஒரு நகல். அந்த ஒரு மாற்றத்துக்கு எங்களுக்கு நான்கு கூட்டம் பிடித்த ஊர் உண்டு. ஐந்தாவது கூட்டம் அங்கே நடந்தபோது, ஊர்த் தெருவிலிருந்து வந்தவர்கள் பதினொரு பேர். எண்ணினேன்.

தலைவரே இல்லாத காலத்தில் கிராம சபை செல்லுமா?

செல்லும். 2019 டிசம்பரில் தேர்தல் நடந்த ஊராட்சிகளின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5-உடன் முடிந்து, தலைவர்களுக்குப் பதிலாக அரசு நியமித்த தனி அலுவலர்கள் பொறுப்புக்கு வந்தார்கள். இதற்கு முன்பும் 2016 முதல் 2019 வரை இப்படித்தான் ஓடியது. தலைவர் இருந்தால் வீட்டு வாசலில் போய் நின்று கேட்கலாம். தனி அலுவலருக்கு நிறைய ஊர்கள், அவர் வாக்குக் கேட்டு வரப்போவதும் இல்லை. இந்த மாதிரிக் காலத்தில்தான் தீர்மானப் புத்தகத்துக்கு மதிப்பு கூடுகிறது.

தீர்மானம் போட்டால் அரசு கேட்டே ஆக வேண்டுமா?

ஒடிசாவின் நியம்கிரி மலையைப் பார்த்தால் ஆம் என்று தோன்றும். பாக்சைட் சுரங்கம் வேண்டுமா வேண்டாமா என்பதைக் கிராம சபைகள் பரிசீலிக்கட்டும் என்று 2013 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் சொன்னது. டோங்ரியா கோந்த் மக்களின் பகுதியில் 12 கிராம சபைகள் கூடின. பன்னிரண்டும் வேண்டாம் என்றன. வேதாந்தா நிறுவனத்துக்கான அந்தச் சுரங்கம் நின்றது. அதற்குப் பின்னால் 2006-இன் வன உரிமைச் சட்டம் இருந்தது என்பதை மறக்க வேண்டாம்.

நம் ஊர்களில் டாஸ்மாக் கடை வேண்டாம், ஊராட்சியை நகராட்சியோடு சேர்க்க வேண்டாம் என்று போட்ட எத்தனையோ தீர்மானங்கள் புத்தகத்திலேயே தூங்குகின்றன. ஊராட்சியின் சொந்த அதிகாரத்துக்குள் இருக்கிற விஷயத்தில் தீர்மானம் பலமானது. அதைத் தாண்டினால் அது ஒரு கோரிக்கை, பலமான கோரிக்கை. இந்த வித்தியாசத்தை முதலிலேயே ஊரில் சொல்லிவிடுங்கள். சொல்லாமல் விட்டால் இரண்டாவது கூட்டத்துக்கு ஆள் வராது.

நான் பொதுப்பணித் துறையில் இருந்து ஓய்வு பெற்ற இன்ஜினியர். எனக்கு ஏதாவது வேலை உண்டா?

ஐயா, உங்களைத்தான் தேடிக்கொண்டிருக்கிறோம்.

கேரளம் 1996-இல் மக்கள் திட்ட இயக்கத்தைத் தொடங்கியது. மாநிலத் திட்ட நிதியில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் உள்ளாட்சிகளுக்குப் போனது. பணம் வந்துவிட்டது, ஆனால் பஞ்சாயத்துகள் போட்ட ஆயிரக்கணக்கான திட்டங்களை ஆராய்ந்து பார்க்க ஆள் இல்லை. அப்போது ஓய்வு பெற்ற இன்ஜினியர்களையும் டாக்டர்களையும் பேராசிரியர்களையும் தன்னார்வத் தொழில்நுட்பப் படை என்று திரட்டினார்கள். மதிப்பீடு சரியா, அளவு சரியா என்று அவர்கள் உட்கார்ந்து பார்த்தார்கள். நம்மிடம் அப்படி ஒரு ஏற்பாடு இல்லை. ஒரு மதிப்பீட்டைப் பார்த்ததும் "இதுல மண் வேலை ரெண்டு தடவை வருதே" என்று சொல்லத் தெரிந்த ஒருவர், கோஷம் போடத் தெரிந்த ஐம்பது பேருக்குச் சமம். வங்கியில் இருந்தவர்கள், தணிக்கைத் துறையில் இருந்தவர்களுக்கும் இதேதான்.

நான் நகரத்தில் இருக்கிறேனே?

2022 முதல் மாநகராட்சி, நகராட்சி, பேரூராட்சிகளில் வார்டுக்குள் பகுதி சபை என்று ஒன்று உண்டு. உங்கள் கவுன்சிலரிடம் எப்போது என்று கேளுங்கள். அவருக்கே தெரியவில்லை என்றால் ஆச்சரியப்படாதீர்கள்.

கட்சியில் இருப்பவர்கள் வரலாமா?

வரலாம், கரை வேட்டி இல்லாமல். ஊராட்சித் தலைவர் தேர்தலே கட்சிச் சின்னத்தில் நடப்பதில்லை.

சம்பளம், சான்றிதழ் உண்டா?

இரண்டும் கிடையாது. பஸ் செலவும் டீ செலவும் உங்களுடையது. தேர்தல் நடத்துவது, நிர்வாகத்தைச் சீரமைப்பது போன்ற வேலைகளை வெளிநாட்டில், உதவித்தொகையோடு செய்ய வேண்டும் என்றால் ஐ.நா. தன்னார்வலர் அமைப்பு இருக்கிறது. 1970-இல் தொடங்கியது, தலைமையகம் ஜெர்மனியின் பான் நகரில். 1993-இல் கம்போடியாவில் ஐ.நா. நடத்திய தேர்தலில் மாவட்டம் மாவட்டமாக வாக்காளர் பதிவைச் செய்தவர்களில் அந்தத் தன்னார்வலர்கள் நிறையப் பேர். அதற்கு விண்ணப்பிக்கிறவர்களுக்குக்கூட நான் சொல்வது, முதலில் இரண்டு வருடம் உங்கள் ஊர் பி.டி.ஓ. ஆபீஸ் படியேறுங்கள் என்றுதான்.

முதல் கூட்டத்துக்கு என்னென்ன எடுத்துப் போக வேண்டும்?

நீள நோட்டு ஒன்று, பேனா இரண்டு. ஒன்றை யாராவது கையெழுத்துப் போட வாங்கினால் திரும்ப வராது. கைரேகை வைக்க ஸ்டாம்ப் பேட், இதை யாரும் கொண்டுவர மாட்டார்கள். போன கூட்டத்தின் தீர்மான நகல், திட்டத்தின் தமிழ்ச் சுருக்கம் பத்துப் பிரதி, அளக்க ஒரு டேப். கூட்டத்தைக் கவனிக்க மாவட்ட நிர்வாகம் அனுப்பும் அலுவலரான பற்றாளர் யார் என்று கேட்டுப் பெயரைக் குறித்துக்கொள்ளுங்கள், பிறகு அவரிடம்தான் போக வேண்டியிருக்கும். தண்ணீர் பாட்டில். மே 1 கூட்டம் என்றால் ஒரு துண்டும். ஷாமியானா மேடைக்கு மட்டும்தான் போட்டிருப்பார்கள்.